ஒன்பதாவது முக்கோணம்

மன்றத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பதவி உண்டு. சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஒருமுறை திட்டக்குடியிலிருந்து ஒருவர் ஆசையாகச் சேர வந்தார். கொடுப்பதற்குப் பதவி மிச்சமில்லை என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வரைபடக் கணிப்பான் பாதுகாப்பு நற்பணி மன்றம் என்பது அதன் முழுப்பெயர். லெட்டர்பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு, பெரம்பலூரில் ஏசி ஹால் பிடித்து ஆண்டு விழா உண்டு, விழாவில் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளப் பொன்னாடையும் உண்டு. இவ்வளவும் எதற்கு என்றால், இருபத்தெட்டு வருடத்துக் கால்குலேட்டர் மாடல் ஒன்றைச் சாகவிடாமல் காப்பாற்றுவதற்கு.

சாதாரணக் கால்குலேட்டர் என்று நினைத்துவிடக் கூடாது. சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் கோட்டைத் திரையில் வரைந்து காட்டும். வட்டம் வரையச் சொன்னால் யோசித்து யோசித்துப் புள்ளி புள்ளியாக வைக்கும். அதற்குள் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். செய்த கம்பெனி எப்போதோ இதைக் கைகழுவிவிட்டது. குவைத்தில் ஒரு இன்ஜினியரிங் ஆபீஸை மூடும்போது குப்பையில் போட்ட பெட்டியை, அங்கே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த காதர் பாட்சா தூக்கிக்கொண்டு லப்பைக்குடிக்காடு வந்து சேர்ந்தார். பெட்டியில் பதினோரு கால்குலேட்டர். ஊரில் செல்போன் கடை வைத்த பிறகு அதில் ஒன்றைக் கல்லா மேல் வைத்திருந்தார். அதைப் பார்த்து மயங்கியவர்கள்தான் மற்றவர்கள். காதர் பாட்சா தலைவர். அவர் சொந்தக்காரர்கள் சஃப்வான், ஹஸ்ஸான் இருவரும் துணைத்தலைவர்கள். ஒருவர் தம்மாமில் இருந்தார், ஒருவர் குவைத்தில் இருந்தார், வாட்ஸப்பில் மட்டும் தட்டுப்படுவார்கள். பெங்களூர் கம்பெனிக்குப் பெரம்பலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிரேம் பொருளாளர். அரியலூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தும் குருமூர்த்தி செயலாளர்.

செயலாளர் என்றால் வேலை செய்கிறவர் என்று அர்த்தம். மற்ற நால்வரும் கருத்துச் சொல்வார்கள். அந்தக் கால்குலேட்டருக்கு உயிர் கொடுக்கும் மென்பொருளை, ஆதியில் கம்பெனி போட்டதைத் தூக்கிவிட்டு, வரி வரியாக ஏழு வருடம் உட்கார்ந்து புதிதாக எழுதியவர் குருமூர்த்திதான். கருவியின் நினைவகத்தில் இருக்கும் மொத்த இடம், காலையில் மாமனார் அனுப்பும் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூவுக்குக்கூடப் போதாது. அந்த இடத்துக்குள் அவர் குடும்பமே நடத்தினார்.

"அரிசி டப்பால எடம் பண்ணுங்கன்னா பண்ண மாட்டீங்க. அந்த டப்பால பன்னெண்டு பைட்டு மிச்சம் புடிச்சேன்னு பாயசம் கேக்குறீங்க" என்பாள் அவர் மனைவி கவிதா. அவள் சொன்னதில் பொய் இல்லை. பாயசமும் அவர் உண்மையாகவே கேட்டார்.

அந்த மென்பொருளின் நான்காம் பதிப்புத் தயாரானபோதுதான் தலைவருக்கு ஒரு எண்ணம் வந்தது.

"மூர்த்தி சார், இவ்வளவு பாடுபட்டிருக்கோம். நம்ம பேரு அதுல வரணும்" என்றார் காதர் பாட்சா. இந்த "பட்டிருக்கோம்" என்ற சொல்லில் அவர் எந்தக் கூச்சமும் காட்டவில்லை. "ஆன் பண்ணுன ஒடனே வரணும். கடைசியில போட்டா எவன் பாப்பான்? தமிழ்ல வரணும். பதவியோட வரணும்."

மற்ற நாட்களில் இதைக் கேட்டுக் குருமூர்த்தி பல்லைக் கடித்திருப்பார். அன்று கடிக்கவில்லை. ஏனென்றால் அவருக்கும் அந்த ஆசை இருந்தது. மற்ற நாலு பேரையும்விட அதிகமாகவே இருந்தது. நாற்பத்தேழு வயது வரை அவர் பெயர் எங்கும் ஏறியதில்லை. பாலிடெக்னிக்கில் புது லேப் கட்டடம் திறந்தபோது, கல்வெட்டில் ரிப்பன் நீட்டியவர் பெயர்கூட இருந்தது. மூன்று மாதம் ராப்பகலாக அந்த லேபை நிறுவிய குருமூர்த்தி பெயர் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று ஒருமுறை கவிதாவிடம் சொல்லிப் பார்த்தார். "அது எங்க வூட்டுல அடிச்ச பத்திரிகை. அதுலயும் என் பேருதான் பெருசா இருக்கும்" என்று அவள் முடித்துவிட்டாள்.

ஆகவே அவர் உட்கார்ந்தார். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக வரைந்தார். 'கு'வுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. எல்லாம் வரைந்து முடித்த பிறகு, உள்ளே வைக்க இடமில்லை. தேடினார், கூட்டினார், ஒதுக்கினார், கடைசியில் ஒரு மூலையில் இடம் கிடைத்தது. அந்த இடத்தை எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் நாலு நாளில் மறந்துபோனார். பொத்தானை அமுக்கியதும் ஐந்து பெயர்கள் வரிசையாக ஏறி வந்தன. நாலாவது வரியில் 'செயலாளர் குருமூர்த்தி'. அவர் அன்று மட்டும் அந்தப் பொத்தானை முப்பது தடவைக்கு மேல் அமுக்கியிருப்பார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வந்தது.

இத்தனை பெருமைக்கும் உரிய அந்தக் கருவியை உலகத்தில் யார் உபயோகிக்கிறார்கள் என்று கேட்டால், மன்றத்தார் உபயோகிப்பதில்லை. அவர்கள் அதைக் காப்பாற்றுகிறார்கள். கடையில் கணக்குப் போட காதர் பாட்சா போனைத்தான் எடுப்பார். வெளிநாடுகளில் இதே பைத்தியம் பிடித்த நாற்பது பேர் இணையத்தில் உண்டு, அவர்களும் காப்பாற்றுகிறவர்கள்தான். உபயோகிக்கிற ஆள் ஒரே ஒருத்தி. ஜெயங்கொண்டத்து உண்ணாமலை.

அவள் லைசென்ஸ் வாங்கிய தனியார் சர்வேயர். ஸ்கூட்டியில் டேப்பும் கம்பியும் கட்டிக்கொண்டு அரியலூர் ஜில்லாவில் வயல் வயலாகப் போகிறவள். இரண்டு வருடம் முன்னால் போனுக்குக் கண்ணாடி ஒட்ட காதர் பாட்சா கடைக்கு வந்தவள், கல்லா மேல் இருந்ததை எடுத்துக்கொண்டு நேரே உச்சிவெயிலில் ரோட்டுக்குப் போனாள். திருடிக்கொண்டு போகிறாள் என்று நினைத்து காதர் பாட்சா பின்னாலேயே ஓடினார்.

"பாய், இது வெயில்ல தெரியுது!" என்றாள் அவள். "போனு வெயில்ல கறுப்பா போயிடுது. நெலத்துக்காரங்க எட்டி எட்டிப் பாத்துட்டு நம்பாம நிக்கறாங்க. இதுல படம் பளிச்சுன்னு தெரியுது பாய். எனக்கு ஒண்ணு குடுங்க."

மன்றம் ஆடிப்போனது. உபயோகிக்கக் கேட்டு ஒரு ஜீவன் வந்திருக்கிறது! பிரேம் அவளுக்காகவே ஒரு நிரல் எழுதினான். வயலை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூன்று பக்கத்தையும் டேப் பிடித்து அளந்து உள்ளே கொடுக்க வேண்டும். மொத்த ஏக்கர், சென்ட் எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும், வயலின் வடிவத்தையும் திரையில் வரைந்து காட்டிவிடும். அந்த வருட விழாவில் அவளுக்குப் பொன்னாடை போட்டு, 'சிறந்த பயனாளர்' விருதும் கொடுத்தார்கள். போட்டிக்கு வேறு யாரும் இல்லை.

நான்காம் பதிப்பை அவள் கருவியில் ஏற்றிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை அவள் குருமூர்த்திக்குப் போன் செய்தாள்.

"சார், நல்லாருக்கீங்களா? மிஷின்ல தப்பு வருமா சார்?"

"வராதும்மா. ஏன்?"

"திருமழபாடியில ஒரு வயலு சார். கொள்ளிடக்கரை ஓரம், வளைஞ்சு வளைஞ்சு போகும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறாங்க. மொத தடவ அளந்தேன், மூணு ஏக்கர் ஒரு சென்ட்டு. சரி பாதியா பிரிச்சு அண்ணனுக்கு அளந்து விட்டு, கல்லும் நட்டுட்டேன். பட்டாவுல மூணு ஏக்கர் பன்னெண்டு சென்ட்டு இருக்கு, என் பங்குல அஞ்சர சென்ட்டு கொறையுதுன்னு அண்ணங்காரரு சண்டைக்கு வந்துட்டாரு. ரெண்டாவது தடவ அளந்தேன் சார். ரெண்டு ஏக்கர் எம்பத்தாறு காட்டுது. மூணாவது தடவ மறுபடியும் மூணு ஒண்ணு. டேப்ப மாத்திட்டேன். கூட வர்ற ஆள மாத்திட்டேன். இப்ப எனக்கு எங்கையி மேலயே சந்தேகமா இருக்கு சார்."

அண்ணன்காரர் பெயர் மதுரைவீரன். வரப்பில் நின்று ஊர் கேட்கச் சொன்னாராம்: 'ஒவ்வொரு தடவயும் நெலம் கொறையுதே, அந்தம்மா அளக்குதா, இல்ல கொள்ளிடம் அரிக்குதா? பொம்பளகிட்ட டேப்பக் குடுத்தா இப்படித்தான்.' திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். அவள் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி மனு எழுதி வைத்துவிட்டார்.

"லைசென்ஸ் போயிட்டா நான் திரும்பவும் அந்த ஜெராக்ஸ் கடைக்குத்தான் போயி நிக்கணும் சார். மிஷின்லதான் தப்புன்னா, மன்றத்து லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதக் காட்டிட்டு எஞ்செலவுலயே கல்ல மாத்தி நட்டுடறேன். எங்கையிலதான் தப்புன்னா அதயும் சொல்லிடுங்க. திங்கக்கெழம காலையில பத்து மணிக்குள்ள எனக்குத் தெரியணும்."

அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த அளவுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் குருமூர்த்தி. பத்து முக்கோணம். எல்லாவற்றையும் தன் கருவியில் கடகடவென்று கொடுத்தார். மூன்று ஏக்கர் பன்னிரண்டு சென்ட். மறுபடி கொடுத்தார். மூன்று பன்னிரண்டு. பட்டாவில் இருப்பது அப்படியே வந்தது. அவருக்கு நெஞ்சு லேசானது. பாவம், அவள்தான் எங்கோ அவசரத்தில் தப்பாக அமுக்கியிருக்கிறாள். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

சிலிண்டரை உருட்டி அடுப்படியில் மாட்டி, கசிகிறதா என்று மோந்து பார்த்து, கவிதாவிடம் நாலு பேச்சு வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் கை படாவிட்டால் கருவி தானாக அணைந்துகொள்ளும். பொத்தானை அமுக்கினார். ஐந்து பெயர்கள் ஏறி வந்து, வழக்கம்போல நாலாவது வரியை ஆசையோடு பார்க்க வைத்து, இறங்கிப் போயின. அதன் பின்னால் கணக்கு வந்தது. இரண்டு ஏக்கர் எண்பத்தாறு சென்ட்.

குருமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர்ப் பலகைக்கு இடம் எங்கிருந்து எடுத்தோம் என்பது இப்போது ஞாபகம் வந்தது. நில அளவை நிரலில் முக்கோணங்களுக்கு என்று பத்து இடம். அதில் கடைசி இரண்டைத்தான் எடுத்திருந்தார். 'எட்டுக்கு மேல எந்த வயலு சார் போகும்?' என்று அன்றைக்கு பிரேம் தைரியம் சொன்னான். பிரேம் வயலில் இறங்கியதே இல்லை. பொத்தானை அமுக்கும்போதெல்லாம் பெயர்கள் ஒன்பதாவது, பத்தாவது முக்கோணம் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, தரிசனம் கொடுத்து, போகும்போது இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும். துடைப்பது நல்ல பழக்கம் என்று குருமூர்த்திதான் அதையும் சேர்த்திருந்தார். மன்றத்தார் வீட்டில் உட்கார்ந்து கடகடவென்று அமுக்கிச் சோதித்ததால் ஒரு குறையும் தெரியவில்லை. உண்ணாமலை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு வெயிலில் நடந்து போவாள். அவள் நடக்கிற நேரத்தில் கருவி தூங்கிவிடும். எழுப்பினால் ஐந்து பேரும் எழுந்து வந்து நிலத்தைத் தின்றுவிட்டுப் போவார்கள். ஒன்பதாவதுக்குப் பிறகு தூங்கினால் ஒரு முக்கோணம் போகும். பத்தாவதுக்குப் பிறகும் தூங்கினால் இரண்டும் போகும்.

கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு அரை நிமிடம் இருந்தது. அதன் பிறகு அவமானம் வந்தது. அந்தப் பெண் தன் கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு காதர் பாட்சா கடையில் அவசரக் கூட்டம். பிரேம் பைக்கில் வந்தான். சஃப்வானையும் ஹஸ்ஸானையும் வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சார்ஜர் டப்பாக்கள் மேல் சாய்த்து வைத்தார்கள். குருமூர்த்தி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பேரை எடுத்துட்டா சரியாயிடும்" என்று முடித்தார்.

 கடையில் யாரோ இறந்துபோன மௌத்து செய்தி வந்த மாதிரி இருந்தது.

"எல்லாப் பேரயுமா?" என்றார் காதர் பாட்சா.

"எல்லாத்தையும்தான் பாய்."

"துணைத்தலைவரு ரெண்டு பேர மட்டும் எடுத்துப் பாத்தா?"

"மாமா!" என்று தம்மாமிலிருந்து சஃப்வான் அலறினான். "அந்தத் திரைய போட்டோ எடுத்து இங்க பதினாறு பேருக்கு அனுப்பியிருக்கேன். எங்க மானேஜரு ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காரு. இப்ப எடுத்தா நான் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கறது?"

"சார், மொதல்ல இத தப்புன்னு சொல்லாதீங்க" என்றான் பிரேம். "வரம்புன்னு சொல்லணும். கையேட்டுல ஒரு வரி சேத்துடலாம். எட்டு முக்கோணத்துக்கு மேற்பட்ட நிலங்களைத் தவிர்க்கவும்."

"நெலத்த எப்படிப்பா தவிர்க்கறது? அது அங்கயே கெடக்குமே" என்றார் காதர் பாட்சா. அவருக்கு நியாயம் புரியாமல் இல்லை; தன் பெயருக்குக் கிட்டே வரும்வரை நன்றாகவே புரியும்.

ஒருவழியாகப் பெயர்களைத் தொடுவதில்லை என்று ஏகமனதாக முடிவானது. அடுத்தது கடிதம். நாளைக் காலைக்குள் உண்ணாமலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

"கொடுத்துடலாம். பாவம், நல்ல பொண்ணு" என்றார் காதர் பாட்சா. "நீங்க எழுதுங்க மூர்த்தி சார்."

"கையெழுத்து யாரு பாய் போடறது? தலைவருதான் போடணும்."

"நானா? நாளைக்கு அந்த ஆளு மனுவுல என் பேரச் சேத்துட்டான்னா? எனக்கு இந்தக் கோர்ட்டு கச்சேரியெல்லாம் ஆகாது சார். பிரேம், நீதானப்பா அந்த நெலத்துப் புரோகிராம எழுதுன?"

"பாய், எங்க கம்பெனில வெளி வேலைல எங்கயும் பேரு வரக் கூடாதுன்னு ரூல் இருக்கு" என்றான் பிரேம். மூன்று அடி தள்ளிக் கல்லா மேல் இருந்த கருவியில் அவன் பெயர் பதவியோடு இருந்தது. சஃப்வான் வெளிநாட்டில் இருந்துகொண்டு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டான். ஹஸ்ஸானுக்கு அதே நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது.

திரையில் முட்டிமோதிக்கொண்டு ஏறிய பெயர்களில் ஒன்றுகூட அந்தக் காகிதத்தில் ஏற மாட்டேன் என்றது. இதில் குருமூர்த்தியை மட்டும் உத்தமர் ஆக்கிவிட வேண்டாம். பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. பாலிடெக்னிக் பிரின்சிபால் முகம் ஞாபகம் வந்தது, வேலை ஞாபகம் வந்தது. அவரும் எடுக்கவில்லை. கடைசியில் பிரேம் வாசகம் சொல்ல, அவர் எழுதினார்: 'சில தொழில்நுட்பச் சூழ்நிலைகள் காரணமாகச் சில சமயங்களில் சில வேறுபாடுகள் தோன்ற வாய்ப்புண்டு எனக் கருதப்படுகிறது.' கீழே 'மன்றத்தின் சார்பாக' என்று போட்டு ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார்கள். கையெழுத்து இல்லாத குறை தெரியாமல் இருக்க, இரண்டு தடவை குத்தினார்கள்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் குருமூர்த்தி திருமழபாடி போய் இறங்கினார். வரப்பில் உண்ணாமலை தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வாடிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளித் தம்பி நின்றான். மதுரைவீரன் பைக்கை ஸ்டாண்டு போடாமலே ஏறி உட்கார்ந்திருந்தார். முன்னால் பிளாஸ்டிக் கவரில் மனு.

கடிதத்தை உண்ணாமலை வாங்கிப் படித்தாள். அப்படியே மதுரைவீரனிடம் நீட்டினாள். அவர் சத்தமாக ஒரு தடவை படித்தார். புரியவில்லை என்று இன்னொரு தடவை படித்தார்.

"சரிங்க, இதுல தப்பு யாரு மேலன்னு போட்டிருக்கு?"

"அது வந்துங்க… சூழ்நிலை…" என்றார் குருமூர்த்தி.

"சூழ்நிலைக்கு எந்த ஊரு?"

குருமூர்த்தி முத்திரையைத் தொட்டுக் காட்டினார்.

"கையெழுத்தக் காணும், ரெண்டு முத்திரை இருக்கு. இதக் காட்டவா எங்கள நிக்க வச்ச?" என்று மதுரைவீரன் உண்ணாமலை பக்கம் திரும்பி, பைக்கை உதைக்கக் காலைத் தூக்கினார்.

"சார்" என்றாள் உண்ணாமலை.  "எனக்கு லெட்டரே வேணாம். வாயால சொல்லுங்க. தப்பு மிஷின்லயா, எங்கையிலயா?"

"மிஷின்லதாம்மா" என்றார் குருமூர்த்தி. அதற்கு மேல் அடக்க முடியவில்லை, எல்லாம் கொட்டிவிட்டது. "ஒம்பதாவதும் பத்தாவதும் போயிடுது. ஆன் பண்ணும்போது எங்க பேரு வருதுல்ல, அத வைக்கறதுக்கு எடமில்லாம அந்த ரெண்டு எடத்தையும் எடுத்துக்கிட்டோம். நீ நடந்து போறப்ப அது அணைஞ்சுடுது. மறுபடி எழுப்புனா பேரு வந்து அழிச்சுடுது. உன் அளவெல்லாம் சரிதான்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, அந்த இரண்டுக்கும் கையாலேயே கணக்குப் போட்டாள். ஒன்பதாவது முக்கோணம், பதினொரு சென்ட். பத்தாவது, பதினைந்து சென்ட். இரண்டு எண்பத்தாறோடு கூட்டினாள். மூன்று பன்னிரண்டு. நோட்டை மதுரைவீரனிடம் காட்டினாள். அவர் பட்டாவை எடுத்து வைத்துப் பார்த்தார், தம்பியும் வந்து எட்டிப் பார்த்தான். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று குருமூர்த்தி எதிர்பார்த்தார். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பேரு வருதா? எங்க, காட்டு" என்றார் மதுரைவீரன்.

அவள் பொத்தானை அமுக்கி நீட்டினாள். வெயிலில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மதுரைவீரன் நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தார்.

"தலைவர் காதர் பாட்சா. துணைத்தலைவர் சஃப்வான். இன்னொரு துணைத்தலைவரு. செயலாளர் குருமூர்த்தி. பொருளாளர் பிரேம்." நிமிர்ந்தார். "யாருங்க இவங்கல்லாம்? எங்க பங்காளிங்களா? எங்க பாட்டன் காலத்துலேருந்து இந்த வயலுக்கு நாங்க ரெண்டு பேருதான். பட்டாவுல இல்லாத அஞ்சு பேரு எப்ப வந்து எறங்குனீங்க?"

தம்பி சிரித்துவிட்டான். பாகம் பிரிக்க ஆரம்பித்ததிலிருந்து அண்ணன் சொன்னதற்கு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இதுல நீங்க யாரு?" என்றார் மதுரைவீரன்.

தன் பெயரை ஒரு மனிதர் திரையில் படித்துவிட்டு, அது யார் என்று கேட்க வேண்டும் என்று குருமூர்த்தி ஏழு வருடமாக ஆசைப்பட்டிருக்கிறார். கேட்டுவிட்டார். ஓடிப் போய்க் கொள்ளிடத்தில் விழலாம் போல இருந்தது. அதிலும் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது.

"நாலாவதுங்க" என்றார். பேனாவை எடுத்தார். இரண்டு முத்திரைக்கும் நடுவில், 'பிழை கருவியில். அதைச் செய்தவன் நான். சர்வேயர் அளந்தது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதுரைவீரன் அதை வாங்கி மடித்து மனுவோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பைக்கை விட்டு இறங்கினார். "கல்ல மாத்தி நட்டுக் குடும்மா" என்றார் உண்ணாமலையிடம். கொஞ்சம் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒங்கையில தப்பில்ல" என்றார்.

அவள் கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். பேட்டரி அவள் வாங்கியது, பையில் போட்டுக்கொண்டாள். கருவியை குருமூர்த்தியிடம் நீட்டினாள்.

"பேர எடுத்துட்டு, சரி பண்ணிக் கொண்டாந்து தரேம்மா."

"வேணாம் சார். மூணு நாளா சோறு எறங்காம எங்கையயே பாத்துகிட்டு ஒக்காந்திருந்தேன். ஒங்களுக்கு எம்மேல ஒரு கோவமும் இல்ல, என்னக் கெடுக்கணும்னும் நெனக்கல. ஆனா நான் இருக்கறதே ஒங்க யாருக்கும் ஞாபகம் இல்ல." நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நான் நோட்டுலயே கூட்டிக்கறேன் சார். போயிட்டு வாங்க."

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேட்டரி இல்லாத கருவியை மடியில் வைத்துக்கொண்டு, மன்றத்து வாட்ஸப்பில் குருமூர்த்தி எழுதினார்: 'பயனாளர் கருவியைத் திருப்பித் தந்துவிட்டார். இனி உபயோகிக்க மாட்டாராம்.'

'அல்ஹம்துலில்லாஹ். பிரச்சினை தீர்ந்துச்சு' என்று உடனே காதர் பாட்சாவிடமிருந்து பதில் வந்தது.

'சூப்பர் சார். இனிமே எந்தப் புகாரும் வராது. நாலாம் பதிப்ப நிலையான பதிப்புன்னு அறிவிச்சுடலாம்' என்றான் பிரேம். கூடவே ஒரு பூச்செண்டு.

குருமூர்த்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களுக்கு உறைக்கிற மாதிரி எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். தன்னிடம் இருந்த ஒரே பெரிய பொருளைத் தூக்கிப் போட்டார். 'என் பெயரைத் திரையிலிருந்து எடுத்துவிடுகிறேன்' என்று எழுதினார். இதைப் படித்தால் ஒவ்வொருவரும் வெட்கப்பட்டு, 'என் பெயரையும் எடுங்கள்' என்பார்கள், ஐந்தும் போய்விடும், இடம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தார்.

 முதலில் சஃப்வான் எழுதினான்: 'அப்ப அந்த லைன்ல எடம் இருக்குமே. என் பேருக்கு முன்னாடி பொறியாளர்னு சேக்க முடியுமா சார்?'

நேற்று லைன் கட்டான ஹஸ்ஸான் குவைத்திலிருந்து உயிர்த்தெழுந்தார். தன் பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர் வரவில்லையே என்று ரொம்ப நாளாக மனசில் இருந்ததாம். இரண்டு பேரும் அடித்துக்கொள்ள வேண்டாம், முதலில் தலைவருக்கு நிறுவனர் என்று போட வேண்டும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார் காதர் பாட்சா. நீளமான பட்டங்களுக்குச் சின்ன எழுத்து பொருந்துமா என்று பிரேம் ஒரு மாதிரிப் படமே போட்டு அனுப்பினான்.

அரியலூர் வருவதற்குள் நாற்பத்திரண்டு செய்தி. குருமூர்த்தி ஒன்றுவிடாமல் படித்தார். காலியாகப் போகிற அந்த ஒரு வரிக்கு எல்லோரும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அதை ஒன்பதாவது முக்கோணத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.